விடுப்பில் போன நிலம்

அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார். "மானியத்தார் வீடு எது?" என்று கேட்டால் எதிரில் வருகிற சைக்கிள்காரர்கூட இறங்கி நின்று வழி காட்டுவார். விவசாயிக்கென்று அரசாங்கம் எதை அறிவித்தாலும் வரிசையில் முதல் ஆளாக அவர்தான் நிற்பார். அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. வரிசையில் நிற்பதும் உழைப்புதானே. நகல் எடுக்கும் கடைக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் இடையே அவர் நடந்த நடையை வயலில் நடந்திருந்தால், ஏர் இல்லாமலேயே நிலம் உழுதாகியிருக்கும்.

அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. மனைவியின் தம்பி அதே அலுவலகத்தில் வேலை பார்த்தான். எந்தத் திட்டம் வந்தாலும் சுவரில் ஒட்டுவதற்கு முன்பே அது அக்கா வீட்டுக்கு வந்துவிடும்.

முதலில் வந்தது உரம். மூட்டை பாதி விலை. வழக்கமாக ஒரு மூட்டை போடுகிற வயலுக்கு மானியத்தார் இரண்டு வாங்கி வந்தார்.

"ஒண்ணு போதுமே, எதுக்குங்க ரெண்டு?" என்றாள் மனைவி.

"பாதி விலைக்குக் குடுக்குறாங்க. ஒண்ணு மட்டும் வாங்கினா மீதிப் பாதி நமக்கு நஷ்டமில்லையா?"

அவள் அந்தக் கணக்கைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். விடை வரவில்லை. விட்டுவிட்டாள்.

அந்தக் கணக்கை அவர் மட்டும் போடவில்லை. எல்லாரும் போட்டார்கள். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. சில வருஷத்தில் மண் புளித்துப் போனது. புளித்த மண்ணைச் சரிசெய்ய அரசாங்கம் சுண்ணாம்புத் தூள் கொடுத்தது. உரத்துக்கு ஆன செலவைவிட அதற்குக் கூடுதலாகவே ஆனது. மண் தேறியதும் மறுபடி விளைந்து தள்ளியது. விலை படுத்துவிட்டது. விலை படுத்ததால் அரசாங்கமே வாங்கியது. வாங்கியதை வைக்க இடமில்லாததால் கிடங்கு கட்ட மானியம். கிடங்குக்கு எலி வந்ததால் எலி மருந்துக்கு மானியம். இத்தனையிலும் விண்ணப்பிக்காமல் பலனடைந்தவை எலிகள் மட்டும்தான்.

கடைசியில் தலைநகரத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். விளைவிக்கச் சொல்லிக் கொடுப்பதைவிட, விளைவிக்காமல் இருக்கச் சொல்லிக் கொடுப்பது மலிவு என்று தெரிந்தது. அப்படிப் பிறந்ததுதான் மண் ஓய்வுத் திட்டம்.

மச்சினன் அதைச் சொல்ல வந்த அன்று மானியத்தார் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், மம்பட்டியைக் கீழ போடுங்க. இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஒண்ணும் செய்யாம இருந்தா?"

"அதுக்குத்தான் காசு. போன வருஷம் சோளத்துல என்ன மிஞ்சிச்சோ, அதுக்கு மேலயே வரும். நிலம் சும்மா கிடக்கணும். அவ்வளவுதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா அத்தான். ஒரு செடி நிக்கக்கூடாது. நான் வந்து பார்ப்பேன், போட்டோ எடுப்பேன், மேல அனுப்புவேன்."

மானியத்தார் மம்பட்டியைக் கீழே போடவில்லை. மெதுவாகச் சாய்த்து வைத்தார். கொஞ்சம் பயமாக இருந்ததாம். பிறகு ஒரு நாள் மனைவியிடம் அதை ஒப்புக்கொண்டார்.

நிலம் விடுப்பில் போனது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக்கூட அவ்வளவு நீண்ட விடுப்பு கிடையாது. முதல் வருஷம் மச்சினன் சைக்கிளில் வந்து, ஒன்றும் விளையவில்லை என்று உறுதி செய்துவிட்டுப் போனான். அடுத்த வருஷம் ஒன்றும் விளையாததைப் பார்க்க ஜீப் கொடுத்தார்கள், ஓட்டுநரோடு. அதற்கடுத்த வருஷம் மேலிருந்து படம் எடுக்கிற குட்டி விமானம் ஒன்று வந்தது. அதை இயக்க ஒருவர், அவருக்கு உதவியாக ஒருவர், இருவருக்கும் குடை பிடிக்க ஒருவர். விளைவிக்காமல் இருப்பதன் விலை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. மலிவு என்று கண்டுபிடித்தவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

மானியத்தாருக்கும் அது ஓய்வுதான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வரப்பில் போட்டார். காலையில் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து வருவார். ஆரம்பத்தில் விருந்தாளி மாதிரி சந்தோஷமாக இருந்தார். போகப் போக முகம் தொங்கிவிட்டது. வீட்டில் எதற்கெடுத்தாலும் சள்ளென்று விழுந்தார். குழம்பில் உப்பு கூட என்பார். மறுநாள் குறைத்துப் போட்டால், உப்பு வாங்கக்கூட வக்கில்லாத வீடா என்பார்.

ஒரு நாள் தண்ணீர் கொடுக்கலாம் என்று சொம்போடு போன மனைவி, தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, துண்டைச் சுழற்றிக்கொண்டு, வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்த காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தார். கொத்தித் தின்ன அங்கே ஒரு மணியும் இல்லை. கை பழக்கத்தில் சுழன்றது. நடுவில் அவருக்கே நினைவு வந்தது போல; துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அவள் சட்டென்று மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். கல்யாணமானதிலிருந்து அவரை அடக்கி வைக்க எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் அவள் ஒருபோதும் சொல்லிக் காட்டவில்லை.

சமையலறைக் கழிவை அவள் வயலின் மூலையில், கால்வாய் ஓரமாகக் கொட்டுவது வழக்கம். மழைக்குப் பிறகு அங்கே ஒரு கொடி முளைத்தது. பூசணி. விதியின்படி அதைப் பிடுங்கிப் போட வேண்டும். மானியத்தார் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மம்பட்டி காய்ந்தே இருந்தது. முழங்கால்வரை வேட்டி ஈரமாக இருந்தது.

"பிடுங்கியாச்சா?" என்றாள் மனைவி.

"ம்."

"அப்போ வேட்டி ஏன் ஈரமா இருக்கு?"

அவர் கொல்லைப்பக்கம் போனார். மறுநாள் குளியலறையில் இருந்த குவளையைக் காணோம். அவள் தேடவில்லை; கடைக்குப் போய் வேறு குவளை வாங்கி வைத்தாள்.

கால்வாயில் தண்ணீர் பள்ளத்தில் ஓடியது. குவளை குவளையாக மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றினார். கொடி மூலையை விட்டுக் கிளம்பி, தரிசு முழுக்கக் கை நீட்டிப் படர்ந்தது. பூத்தது. காய்த்தது. ஒவ்வொரு காயும் கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. அடியில் ஈரம் படாமல் இருக்க அவர் வைக்கோல் வைத்தார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று ஒரு நாள் வாய் திறந்து சொன்னார். மனைவிக்குக் கரண்டி கைநழுவப் பார்த்தது.

மச்சினன் ஜீப்பிலிருந்து இறங்கி வரப்பில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா! என்னக்கா இது?"

"பூசணி."

"பூசணின்னு தெரியுது. இது ஏன் இங்க இருக்கு?"

"பின்ன எங்க இருக்கணும், உன் ஆபீஸ்லயா?"

"விளையாடாதக்கா. அடுத்த வாரம் தலைநகரத்துலேர்ந்து தணிக்கைக்கு ஒரு அம்மா வர்றாங்க. மானியச் செலவு ஏன் வருஷா வருஷம் ஏறுதுன்னு நிதித்துறை கேட்டிருக்கு. ஒரே ஒரு நிலத்தை எடுத்து ஆதியிலேர்ந்து பார்க்கப் போறாங்களாம். எந்த ஃபைல் தடிமனா இருக்குன்னு பார்த்து எடுத்திருக்காங்க. அத்தானோட ஃபைல்!"

மானியத்தாருக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

"சிரிக்காதீங்க அத்தான். ஓய்வுல இருக்கிற நிலத்துல காய் காய்ச்சிருக்குன்னா, இத்தனை வருஷம் வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். என் வேலையும் போயிடும். உடனே பிடுங்குங்க."

மானியத்தார் குனிந்தார். கொடியின் தண்டைப் பிடித்தார். நிமிர்ந்தார்.

"என்னால முடியல மாப்ள. நீ வேணும்னா பிடுங்கு."

மச்சினன் பிடுங்கப் போனான். வேளாண் அலுவலகத்தில் அத்தனை வருஷம் இருந்தவனுக்குப் பூசணித் தண்டில் சுணை இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. கையைச் சொறிந்துகொண்டே ஜீப்புக்குத் திரும்பிப் போனான். தணிக்கைக்கு முதல் நாள் அலுவலகத்திலிருந்து காலிச் சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு காய்க்கும் ஒரு சாக்கு போர்த்தினான். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தான். முக்காடு போட்டுக்கொண்டு கூட்டமாக யாரோ மறியல் செய்வது போல இருந்தது.

தணிக்கையம்மா பருத்திச் சேலையும் தடித்த கண்ணாடியுமாக வந்தார். தொப்பென்று ஒரு கட்டு காகிதத்தை மானியத்தார் வீட்டு மேசையில் வைத்தார். மச்சினன் நின்றுகொண்டே இருந்தான். அவர் ஒவ்வொரு மானியமாகக் கேட்கக் கேட்க, மானியத்தார் பரிசு வாங்கிய கதை சொல்வது போல விவரித்தார். உரம், சுண்ணாம்பு, கிடங்கு, எலி மருந்து, ஓய்வு. அந்தம்மா கால்குலேட்டரைத் தட்டினார். ஒரு முறை அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.

"ஐயா, ஆரம்பத்துல உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு ஆன செலவு, இப்போ ஒரு வாரத்துக்கு ஆகுது. ஜீப்பு, விமானம் எல்லாம் சேர்த்து. மொத்தமாப் பார்த்தா, உங்க நிலத்தை அரசாங்கம் விலைக்கே நாலு தடவை வாங்கியிருக்கலாம்."

"அப்பவே கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா" என்றார் மானியத்தார், உண்மையான வருத்தத்தோடு.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிலத்தைப் பார்க்கலாமா?"

"வெறும் மண்ணு மேடம், பார்க்க ஒண்ணும் இல்ல. வெயில் வேற" என்றான் மச்சினன்.

"ஒண்ணும் இல்லைங்கறதைத்தானே பார்க்க வந்திருக்கேன்."

வரப்பில் ஏறியதும் அவர் கேட்டார்: "அங்க யாரு உட்கார்ந்திருக்காங்க?"

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். ஒரு சாக்கை எடுத்தார். மஞ்சளும் பச்சையுமாகக் காய் பளபளத்தது. அடுத்த சாக்கை எடுத்தார். அதற்கடுத்தது.

"களை மேடம்" என்றான் மச்சினன்.

"களையா?"

"ஒரு மாதிரியான களை. காய்க்கும்."

அந்தம்மா அவனை விட்டுவிட்டு மானியத்தாரைப் பார்த்தார். "இதுக்கு எவ்வளவு மானியம் வாங்கினீங்க?"

மானியத்தார் கூனிக் குறுகிப் போனார். "மன்னிச்சுக்கணும்மா. இதுக்கு மட்டும் வாங்க விட்டுப்போச்சு."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது மனைவி ஒரு காயைப் பறித்து நீட்டினாள். சும்மா வாங்கக்கூடாது என்று அவர் கடைவிலை கேட்டுக் காசு கொடுத்தார். ஜீப் போன பிறகும் மானியத்தார் அந்த நோட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னங்க, உள்ள வைக்கலையா?"

"இல்ல... இது நாம வித்த காசு" என்றார். நோட்டை நீவி நீவி மடித்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை ஒழுங்காக எடுத்து வைத்தாள்.

தணிக்கை அறிக்கை ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. சும்மா கிடக்கும் நிலத்துக்குச் செலவு தாறுமாறாக ஏறுகிறது. பார்த்த இடத்தில் விளைந்த ஒரே பொருளுக்கு அரசாங்கம் ஒன்றும் தரவில்லை. ஆகவே திட்டத்தை நிறுத்தலாம் என்று எழுதியிருந்தார். அரசாங்கம் அதை வரிக்கு வரி ஏற்றுக்கொண்டது. மண் ஓய்வுத் திட்டம் ரத்தானது. அதே ஜீப்பையும் அதே விமானத்தையும் குடை பிடிக்கிறவரையும் வைத்துப் புதுத் திட்டம் தொடங்கியது: மானியமில்லா விவசாயி ஊக்கத் திட்டம். மானியம் வாங்காமல் விளைவிப்பவர்களுக்கு மேடையில் பரிசு. இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர் என்று மச்சினனுக்குப் பதவி உயர்வு கொடுத்து அதற்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அவன் செய்த முதல் வேலை, அக்கா வயல் பூசணியை முன்தேதியிட்டு 'முன்னோடி முயற்சி' என்று பதிவு செய்ததுதான். திருப்பிக் கட்டுகிற பேச்சு அதோடு முடிந்தது.

விழா மண்டபம் கொள்ளவில்லை. அலங்கார வளைவு, ஒலிபெருக்கி, எல்லா நாற்காலிக்கும் வெள்ளை உறை. செலவைக் குறைப்பது பற்றி அமைச்சர் விரிவாகப் பேசினார். பேசி முடிக்கும்வரை சாப்பாட்டை ஆறவிடாமல் வைத்திருக்க வெளியே தனியாக ஒரு அடுப்பு எரிந்தது. பிறகு அறிவிப்பாளர் சீட்டைப் பார்த்துப் பெயரை வாசித்தார். யாரும் எழவில்லை. மறுபடி வாசித்தார். மச்சினன் ஓடிப்போய் அவர் காதில் சொன்னான். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மானியமே இல்லாமல் சாதித்துக் காட்டிய நம் மானியத்தார் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

மண்டபம் குலுங்கச் சிரித்தது. அமைச்சர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு தானும் கைதட்டினார். மானியத்தாருக்குச் சால்வையும், சிவப்பு நிறத்தில் ஒரு டீசல் பம்பும் கிடைத்தன.

இருவரும் பம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிரில் விவசாயக் கருவிகள் விற்கும் கடை. கடைக்காரர் வாசலிலேயே நின்று கையசைத்தார்.

"வாங்க வாங்க, இங்கயே இறக்கி வையுங்க. விக்கத்தானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மானியத்தார்.

"பரிசு வாங்கினவங்க எல்லாரும் இங்கதான் வருவாங்க. இது என் பம்புதான். கைப்பிடிகிட்ட ஒரு கீறல் இருக்கும் பாருங்க. கிடங்குத் திட்ட விழாவுல ஒரு தடவை போச்சு, வந்துச்சு. மண் ஓய்வு விழாவுல போச்சு, வந்துச்சு. இது மூணாவது."

"அரசாங்கம் ஒவ்வொரு தடவையும் இதையே வாங்குதா?"

"பில்லு மட்டும் புதுசு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏத்திப் போடுவேன். விலைவாசி ஏறுதில்லையா?"

மனைவி பம்பைச் சுற்றி வந்தாள். "இதை யாராவது ஓட்டிப் பார்த்திருக்காங்களா?"

"ஐயோ, ஓட்டினா பழசாயிடுமே! அரசாங்கம் பழசு வாங்காதும்மா."

கடைக்காரர் சொன்ன தொகை நல்ல தொகைதான். மானியத்தாரின் கை சட்டைப்பைப் பக்கம் போய்விட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு கடைத்தெருவில் அவள் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ஏங்க, கால்வாயில தண்ணி ஓடுது. மேல இருக்கிற வயலு காஞ்சு கிடக்கு. குவளையால எத்தனை நாளைக்கு ஊத்துவீங்க?"

"நல்ல விலை சொல்றாரேம்மா..."

"சொல்லட்டும். டீசல் எங்க விக்கிறாங்கன்னு அவரையே கேளுங்க."

மானியத்தார் கடைக்காரரைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். டீசல் எங்கே விற்கிறது என்று கேட்டார்.

"அம்மா, இது நியாயமே இல்ல" என்று கடைக்காரர் பின்னாலேயே வந்தார். "அடுத்த மாசம் பக்கத்து வட்டாரத்துல விழா இருக்கு. எதை அனுப்புவேன் நான்?"

"புதுசு வாங்கி அனுப்புங்க" என்றாள் அவள், சுமை வண்டியில் ஏறிக்கொண்டே.

பம்பு முதல் இழுப்பிலேயே கிளம்பவில்லை. மூன்று மேடை ஏறிய களைப்போ என்னவோ, இருமி, கரும்புகை கக்கி, பிறகு ஓடத் தொடங்கியது. மேல் வயலுக்குத் தண்ணீர் ஏறியது. மானியத்தார் வெண்டை போட்டார், கத்தரி போட்டார். சந்தையில் சில வாரம் விலை கிடைத்தது, சில வாரம் கிடைக்கவில்லை. கிடைக்காத வாரத்தில் அரசாங்கத்தைத் திட்டினார், மானியம் வாங்கிய காலத்தைவிடச் சத்தமாக. பழைய வரிசைகளை நினைத்து அவருக்கு நாக்கு ஊறத்தான் செய்தது. ஆனால் வெள்ளாமை நிற்கும்போது நகல் எடுக்கும் கடைவரை போய்வர நேரமில்லை.

இரண்டு மாதம் கழித்து மச்சினன் புது ஜீப்பில் வந்தான். கையில் காகிதக் கட்டு. வயலுக்குள் நடந்துகொண்டே கத்தினான். பம்பு சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"அக்கா! திட்டச் செலவு திடீர்னு ஏறிடுச்சாம். ஏன்னு விளக்கம் கேட்டிருக்காங்க!"

"யாரு?"

"அதே தணிக்கையம்மாதான். இத்தனை வருஷத்துல முதல் தடவையா நிஜமாவே ஒரு புதுப் பம்பு வாங்க வேண்டியதாப் போச்சாம். பழைய பம்பு எங்கன்னு கேக்குறாங்க."

"கண்ணு முன்னால ஓடிக்கிட்டு இருக்கு. அப்படியே எழுது."

"ஓடுதுன்னு எழுத முடியாதுக்கா. வழங்கப்பட்டது, திரும்பப் பெறப்பட்டது, பழுதடைந்ததுன்னு மூணு கட்டம்தான் இருக்கு. உபயோகத்துல இருக்குன்னு ஒண்ணு வரும்னு யாரும் நினைக்கல. மேல கேட்டேன், தனிக் கட்டம் போடணும்னா குழு அமைக்கணுமாம்."

தூரத்தில் வாய்க்கால் தலைப்பில் நின்ற மானியத்தார் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்தினார். மச்சினன் காதில் கை வைத்துக் கேட்டான்.

"என்ன அத்தான்?"

"காலை எடு மாப்ள! குழாயை மிதிச்சுக்கிட்டு நிக்கிற! இங்க தண்ணி வரல!"

மச்சினன் குனிந்து பார்த்தான். ஷூவுக்கு அடியில் ரப்பர் குழாய் நசுங்கிக் கிடந்தது. அவசரமாக நகர்ந்தான். அந்தப் பக்கம் சேறு என்பதைக் கவனிக்கவில்லை. கணுக்கால்வரை உள்ளே போனது. அக்கா அவன் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கிக்கொண்டாள், நனையாமல் இருக்கட்டும் என்று. பிறகு அவனிடம் குழாயின் நுனியைக் கொடுத்து, கத்தரிப் பாத்தி பக்கம் பிடிக்கச் சொன்னாள்.